ஜப்பான் போய்வந்த என் குளிர்ச்சட்டை

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாடை மூக்கில் ஏறியது. என் குளிர்ச்சட்டையும், என் மகள் சின்ன வயதில் போட்ட குளிர்ச்சட்டையும் உள்ளே மடிந்து கிடந்தன. வாசலில் உன் மகன் கதிர் நின்றிருந்தான். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஜப்பான் போகிறானாம், மகளுக்குப் பனி காட்டவேண்டுமாம். இரவல் கேட்டு வந்தவன், "இந்தத் தடவ நெசமாவே போறோம் ஆன்ட்டி" என்றான்.

அது என்ன, நிஜமாகவே? அவனை உட்காரவைத்தேன்.

என்னை உனக்குத் தெரியும். தேக்கா மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கமாட்டேன். குளிரே இல்லாத இந்த ஊரில் குளிர்ச்சட்டை பாதிப் பேருக்கு இரவல்தான், யார் வந்து கேட்டாலும் கொடுப்பேன். கதிர் பள்ளிப் பையனாக இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரியான நீயும் டிசம்பர் பிறந்தால் வந்து நிற்பாய். ஜப்பான் என்பாய். ஜனவரியில் துவைத்துத் திருப்பித் தருவாய். ஒரு போட்டோகூடக் காட்டியதில்லை. கேட்டால், "அங்க கைய வெளிய எடுக்க முடியல லா, எங்க போட்டோ எடுக்கிறது?" என்பாய்.

நான் நம்பவில்லை. ஒரு வருடம் சின்னச் சட்டையின் கையில் ரோஸ் சிரப் கறை இருந்தது. அங்கே பிள்ளைகள் பனியில் சிரப் ஊற்றித் தின்பார்கள் என்று சாதித்தாய். இன்னொரு வருடம், நீங்கள் ஊரில் இல்லாததாகச் சொன்ன மழைநாளில், உன் வீட்டு ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டாயாம். மின்விசிறியையே பார்த்துப் பார்த்துப் போடுகிறவள் நீ. ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்க்கிறவளுக்கு யாரோ துணை கிடைத்துவிட்டார் போல என்றுகூட நினைத்தேன். கிடைத்திருந்தால் சந்தோஷம்தான். ஜூரோங்கில் உனக்கு என்னைவிட்டால் யார் இருந்தார்கள், என்னிடம் ஏன் மறைக்கவேண்டும் என்பதுதான் கோபம். துருவிக் கேட்டால், எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று சிரித்து மழுப்புவாய்.

எல்லாவற்றையும் கதிர் சொல்லிவிட்டான். காலையில் பெட்டியை இழுத்துக்கொண்டு இருவரும் ரயிலில் சாங்கி விமான நிலையம் போவீர்களாம். விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்புவீர்களாம். திரையை இழுத்துவிட்டு, ஏர்கானை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, என் சட்டைகளை மாட்டிக்கொண்டு ஐஸைத் துருவும் ஐஸ் கச்சாங் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பனி செய்வீர்களாம். எறிந்து விளையாடியது போக மீந்ததில் ரோஸ் சிரப். பள்ளி திறந்ததும் யார் எங்கே போனார்கள் என்ற பேச்சு வரும், அப்போது அவன் வாய்மூடி நிற்கக் கூடாது என்று நீ செய்த வேலை.

என்னை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன்.

"ஒங்களக் கூப்பிடணும்னு அம்மாவுக்கு ரொம்ப ஆச ஆன்ட்டி. ஆனா நீங்க வந்தா, இது வெறும் ஐஸ்தானேன்னு கேட்டுருவீங்கன்னு பயந்தாங்க."

அதைக் கேட்டும் விமான டிக்கெட்டைக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் சட்டைகளைக் கொடுத்தேன். அப்படியே உன் சிரிப்பு அவனுக்கு.

நீ கண்மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. வெறும் ஐஸ்தானே என்று நான் கேட்டிருக்கவே மாட்டேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. அது பொய். கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு, ஒரு பிடி அள்ளி உன் முதுகுக்குள் போட்டிருப்பேன். நீ என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.