வாய்வு என்று நீர் சொன்ன புதன்கிழமை

புதன்கிழமைகளில் எனக்குப் பக்கத்தில் நின்ற அருமைச் சபாநாதனுக்கு,

நீர் போய் ஏழு கிழமை ஆகிவிட்டது. நாம் சேர்ந்து தொடங்கிய கடைசல் வகுப்புக்கு நான் இன்னும் போய்வருகிறேன். மல்வேர்னில் அதே பள்ளிக்கூடம், அதே புதன் பின்னேரம். உமது மெசினில் இப்போது ஒரு சீனப் பெண்மணி நிற்கிறார். நல்ல கை. உம்மைப் போல அவசரப்படுவதில்லை.

நாம் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு வேடிக்கை. உமக்கு ஆங்கில வகுப்புக்குப் பெயர் கொடுக்கத்தான் போனோம். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். மரம் கடையும் வகுப்பில் மட்டும் இரண்டு இடம் இருந்தது. “அதில பேரைப் போடும் மாஸ்டர். மரம் எங்களிட்டை இங்கிலிஷ் கேக்காது” என்றீர்.

மூடியோடு சின்னச் சிமிழ் செய்வதுதான் பாடம். வெளிப்பக்கத்தை உருட்டி எடுப்பது சுகம், கண்ணுக்குத் தெரிகிற வேலை. உள்ளே குடைவதுதான் கரைச்சல். உளி உள்ளே போனபிறகு அதன் முனை தெரியாது. மரச்சீவல் மட்டும் வெளியே வரும். அடிக்கடி மெசினை நிறுத்தி, ஒரு குச்சியை விட்டு ஆழம் பார்க்கவேண்டும். படிப்பித்த போலந்துக்காரர் “நிறுத்து, அள” என்று அலுக்காமல் சொன்னார். நீர் நிறுத்தவேமாட்டீர். உமது முதல் மூன்று சிமிழும் அடி இல்லாமல் போயின. மூன்றாவதை விரலில் மாட்டிக்கொண்டு, “மனுசி பவளத்துக்கு மோதிரம் செய்திருக்கிறன். தங்கம் எண்டு சொல்லும்” என்றீர். வகுப்பே சிரித்தது, ஒரு சொல்லும் விளங்காமல்.

நாலாவதைக் குடையும்போதுதான் உளியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தீர். தை மாதக் குளிரில் உமது நெற்றி வேர்த்திருந்தது. நான் கிட்ட வந்தேன்.

“என்ன?”

“வாய்வு. மத்தியானம் கடலைக்கறி.”

“வாய்வுக்கு இப்பிடி வேர்க்குமே?”

“நீர் தமிழ் வாத்தியார்தானே, உமக்கென்ன தெரியும். பவளத்திட்டைச் சொல்லிப்போடாதையும். பிறகு டொக்ரர், ரெஸ்ற், உப்பில்லாத கறி. மனுசன் சீவிக்கேலாது.”

நானும் சிரித்துவிட்டு, சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சபாநாதன், நான் முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவன். வயிற்றுவலி என்று எத்தனை பிள்ளைகள் என் மேசைக்கு வந்திருப்பார்கள்! வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை, நான் நம்புகிறேனா என்று என் முகத்தைப் பார்க்கும். உண்மையாக வலிக்கிற பிள்ளை நிலத்தைப் பார்க்கும். இதில் நான் பிழைவிட்டது குறைவு. அன்று நீர் பகிடி விட்டபோதும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றீர்.

பத்தாம் நாள் உமது வீட்டு வாசலில் பனி தள்ளும்போது விழுந்தீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று காலை உம்மை வெளியே அனுப்பியது பவளம். பிறம்ரனில் இரவு வேலை முடித்து மகன் வந்து கார் விடவேண்டும், வாசலைத் துப்புரவாக்குங்கள் என்றாராம். அதற்குப் பிறகு அவர் முன்கதவால் போவதில்லை என்று மகன் சொல்கிறான். கோயிலுக்கென்றாலும் கடைக்கென்றாலும் பின்கதவால், முழங்கால் புதையும் பனியில் சுற்றித்தான் போகிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து உமது தங்கையின் கடிதம் கொழும்பு சுற்றி வந்திருந்தது. ‘அண்ணைக்கு முந்தி நெஞ்சுநோ, வேறை ஏதும் வருத்தம் இருந்ததோ’ என்று கேட்டிருந்தார். தன்னால் எழுதேலாது, பதிலை நீங்கள் எழுதுங்கோ என்று பவளம் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“எழுதுங்கோ அண்ணை. அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கேல்லை. நான்தான் சினோ தள்ளச் சொல்லிக் கலைச்சனான்.”

‘ஒரு வருத்தமும்’ என்ற இடத்தில் பேனை நின்றது.

“ஏன் நிப்பாட்டிறியள்?”

“மை வரேல்லைப் பிள்ளை.”

“வடிவா எழுதுங்கோ. உங்கடை கையெழுத்தெண்டால் மச்சாள் நம்புவா.”

பேனையை இரண்டு தரம் உதறினேன். பிறகு அவர் சொன்னபடியே எழுதினேன். பிள்ளைகளின் கொப்பிகளில் எத்தனை பிழைக்குச் சிவப்புக் கோடு போட்ட கை இது. தபாலில் போடுகிறேன் என்று வாங்கிவந்த கடிதம் நாலு நாளாக என் கோட்டுப் பையில் கிடக்கிறது.

உமக்குக் கொடுத்த வாக்கு நீர் இருக்கும்வரைக்குத்தானா, அல்லது நான் இருக்கும்வரைக்குமா? சொன்னால் பவளத்தின் பாரம் குறையும். ஆனால் அன்றே சொல்லியிருந்தால் நீர் இருந்திருப்பீர் என்பதும் அவருக்கு உடனே விளங்கும். என்னைப் பயப்படுத்துவது அதுதான். யூனியன்வில்லில் மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். ஆனாலும் நான் தேடிப் போகிற வீடு இந்த ஊரில் உங்களுடையது ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனம் இல்லை.

நேற்று வகுப்பில் எனது சிமிழ் முதல்தரம் சரிவந்தது. அடி நின்றது, மூடியும் ‘டப்’ என்று பொருந்தியது. போலந்துக்காரர் கைகொடுத்தார். உமக்குக் காட்டத் திரும்பினேன். அந்தச் சீனப் பெண்மணி தலையசைத்தார். எனக்குச் சந்தோசமே வரவில்லை. உள்ளங்கை அளவு மரத்துண்டு, அது ஓட்டையாகிவிடக் கூடாது என்று இருபது தரமாவது மெசினை நிறுத்தியிருப்பேன். வேர்த்துப்போய் நின்ற உமக்காக ஒருதரம் நிறுத்தினேனா? நிறுத்தி, பஸ்ஸில் ஏற்றி, ஒரு டொக்டரிடம் கொண்டுபோனேனா?

ஆகவே இதைச் செய்யப்போகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தைப் பவளத்தின் முன்னால் வைத்துக் கிழிப்பேன். புதுத் தாள் எடுத்து, சபாநாதனுக்கு வருத்தம் இருந்தது, எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை என்று என் பெயரில் எழுதிவிட்டு, பவளத்துக்கு வாசித்துக் காட்டுவேன். வாய்வு என்று நீர் சொன்னதை நம்பிவிட்டேன் என்று ஒரு சாட்டு இருக்கிறது. அதைச் சொல்லமாட்டேன். நான் நம்பவில்லை, சபாநாதன். உமது பகிடியைக் கெடுக்க மனம் வராமல் சிரித்தேன், அவ்வளவுதான்.

உமக்குக் கொடுத்த வாக்கை முறிக்கிறேன் என்று இன்னொரு வாக்குத் தருகிறேன். பவளம் என்னை எவ்வளவும் ஏசட்டும். தன்னை ஏசுவதை விட்டால் போதும்.

உமது சிநேகிதனும், இந்த ஞாயிறுவரைக்குமாவது பவளத்தின் அண்ணனுமாகிய,
தருமலிங்கம் மாஸ்டர்