குளிர் அறையில் ஒரு முக்காடு

அக்கா,

இன்று என் கைக்கு வந்த, தொப்பி வைத்த குளிர் ஜாக்கெட் நீ வழக்கமாகப் போட்டுக்கொண்டது. குளிர் அறைக்குள் போகிறவர்களுக்கெல்லாம் பொதுவாக வைத்திருக்கும் ஜாக்கெட்டுகளை யாரும் துவைப்பதில்லை. தொப்பியைத் தலைக்கு இழுத்ததும் உன் தேங்காயெண்ணெய் வாசனை. நீ போய் மழை முடிந்துவிட்டது, பனியும் வந்துவிட்டது. உன் வாசனை மட்டும் இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

பக்கத்து வாகட் அடுக்குமாடிகளில் யாராவது போனில் ஆர்டர் தட்டினால் பாலும் பனீரும் ஐஸ்கிரீமும் சில நிமிடங்களில் வாசலுக்குப் போயாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கிடங்கு, அதற்காகத்தான் நாம். கையிலிருக்கும் ஸ்கேனர், நாம் கொஞ்சம் சும்மா நின்றாலும் கத்தும். கக்கூஸுக்குப் போனாலும் கத்தும். மதிய நெரிசலில், அது கத்தக் கத்த, நீ குளிர் அறைக்குள் போவாய். பட்டாணிப் பைகளுக்கும் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கும் நடுவில் நிற்பாய். புடவையாக இருந்தால் முந்தானையைத் தலையில் போட்டிருப்பாய். யூனிஃபார்மில் முந்தானைக்கு எங்கே போவது? ஜாக்கெட் தொப்பிதான் உனக்கு முக்காடு. இரண்டு கைகளையும் உதட்டருகே குவித்துக் கண்ணை மூடுவாய்.

முதல் தடவை பார்த்தபோது, வெளியே வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா கேட்ட சாமிகிட்ட? சம்பளமா?"

"கேக்கதுக்கு நேரம் எங்கட்டி இருக்கு? வந்திருக்கேன் ஆண்டவரேன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

"அவரு இன்னா சொல்வாரு?"

"ஒன்ன மாதிரி வாய் பேச மாட்டாரு."

இந்த மராட்டி ஊரிலேயே, போபோடியில் பிறந்த எனக்கு உன் திருநெல்வேலித் தமிழ் வேடிக்கையாக இருக்கும். பக்கத்துக் கட்கியில் பிறந்து வளர்ந்தும் உன் வீட்டில் அது தேயவே இல்லை. சாமி பூதம் எதுவும் எனக்கு ஆகாது. ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நான் உன் பங்குப் பைகளையும் சேர்த்து நிரப்பினேன்.

பிறகு ஒருநாள் ஷிப்ட் இன்சார்ஜ் உன்னை அறைக்குக் கூப்பிட்டார். நானும் கூடவே நுழைந்தேன். கேமராவில் பதிந்ததைப் போனில் காட்டினார். முகம் தெரியாமல் தொப்பி போட்ட ஒருத்தி, ஐஸ்கிரீம் பெட்டி பக்கத்தில், வாயருகே கை.

"எந்த ஃப்ளேவர் மேடம்?" என்றார் இந்தியில். வாசலில் நின்ற செக்யூரிட்டி சிரித்தான்.

"திருடவில்லை. பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள்" என்று நான் இந்தியிலேயே கத்தினேன்.

சிரிப்பு நின்றது. இன்சார்ஜ் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, உனக்கு நல்லது செய்கிறவர் போலப் பேசினார். தின்றேன் என்று ஒப்புக்கொள், எச்சரித்து விட்டுவிடுகிறேன். பிரார்த்தனை என்று மேலே போனால் இங்கே மத வேலை நடக்கிறது என்பார்கள், உன் வேலையும் போகும், என் வேலையும் போகும் என்றார்.

யோசித்துப் பார், அக்கா. இந்த ஊரில் திருடிக்கு மன்னிப்பு உண்டு. கண்ணை மூடி நின்றவளுக்கு இல்லை.

நான் உன் கையைக் கிள்ளினேன். "தின்னேன்னு சொல்லிட்டுப் போவியா" என்று தமிழில் முணுமுணுத்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. இந்தியில் அவரிடம் சொன்னாய்: "தின்னல சார். ஜெபம் பண்ணினேன். நாளைக்கும் பண்ணுவேன்."

மறுநாள் உன்னை லாரியிலிருந்து மூட்டை இறக்க அனுப்பினார்கள். வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை எனக்கு. உன்னையும் சேர்த்துத்தான் திட்டினேன். ஒரு ஐஸ்கிரீம் தின்றதாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய்.

"அது திருட்டு இல்லட்டி. திருட்டுன்னு நானே சொல்லிட்டா, மறுநா எந்த மூஞ்சியோட அவருகிட்ட போயி நிக்க?"

மழையில் நனைந்து இறக்கினாய். காய்ச்சல் வந்தது. லீவு எடுத்தால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்று காய்ச்சலோடும் வந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்திருந்தது. கல்லறையில் போதகர், சகோதரி இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தாள் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு நின்றபோது இளைப்பாற இடம் கொடுக்காத கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தது.

நேற்று, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குளிர் அறை வாசலில் தயங்கி நின்றாள். இங்கே மேற்கு எந்தப் பக்கம் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். மேற்கே ஹிஞ்சவடி இருக்கும் பக்கம் திரும்பிக்கொள் என்று கை காட்டி உள்ளே அனுப்பினேன். கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். ஆர்டர்கள் குவிந்தன. ஸ்கேனர் கத்தியது.

இன்சார்ஜ் வந்தார். உள்ளே யார், என்ன செய்கிறாள் என்றார். சரக்கு எடுக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அக்கா.

"நமாஸ் பண்றா. முடிச்சிட்டு வருவா" என்றேன் இந்தியில்.

"நகரு."

கதவில் முதுகை இன்னும் அழுத்திக்கொண்டேன். நகரவில்லை.