மார்கழி செட்டிங்

ஏப்ரல் 6, ஞாயிறு

சித்தூரில் காலை எட்டுக்கே முதுகைச் சுடும் வெயில். என் மனைவி தேவகியின் (இனி தே.) கம்ப்யூட்டர் இன்றும் தானாக அணைந்தது. இந்த வாரத்தில் நாலாவது தடவை. காலையில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு, ஒன்று ஆனால் ஃபேன் கத்தும், திரை அப்படியே நிற்கும், பிறகு இருட்டு.

செய்தவை: தூசி தட்டியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பியது. ரேம் இரண்டையும் பிடுங்கி, ரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகியது (தே. அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்). ஒன்றும் நடக்கவில்லை.

வாங்க: உளுந்து, பால், துணி சோப்பு.

மகள் கவிதா பெங்களூரிலிருந்து போன். "நைனா, அது பன்னெண்டு வருசத்துப் பொட்டி. போட்டோவெல்லாம் நான் பென்டிரைவ்ல எடுத்துக்கினு வந்துட்டேன். இன்னும் எதுக்கு அதோட மல்லுக்கட்டிக்கினு கீறே?" வெயிலைப் பற்றிச் சொன்னேன். "துன்னியா?" என்றாள். "துன்னேன்" என்றேன். பொய்.

ஏப்ரல் 7, திங்கள்

மாங்கூழ் ஃபேக்டரியில் சீசனுக்கு முன்னால் டாங்க் கழுவும் வேலை. சூப்பர்வைசர் என்று பேர், நாள் பூரா ஹோஸ் பைப்போடுதான் நின்றேன்.

கவிதாவிடம் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். 3.3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய ப்ராசஸரை தே. 4.5-ல் ஓட வைத்திருந்தாள். திருப்பதியில் ஒரு காலேஜின் கம்ப்யூட்டர் லேபில் அவளுக்கு வேலை. தினமும் பஸ்ஸில் போய் வந்து, முகம் கழுவியதும் இதன் முன்னால் உட்காருவாள். ஒரு எண்ணை ஏற்றுவாள், மணிக்கணக்கில் ஓட விடுவாள், நின்றுபோனால் கொஞ்சம் இறக்குவாள். "இவ்ளோ வேகமா எங்க போவுது, சந்திரகிரிக்கா?" என்பேன். "உன் ஸ்கூட்டருக்கு முன்னாடி போய்ச் சேந்துடும்" என்பாள்.

கடைசியாக டிசம்பரில் எண்ணை மாற்றினாள். ஜனவரி 19 போய்விட்டாள். புடவைகளைக் கவிதா எடுத்துக்கொண்டாள். அவள் அரைத்து வைத்த மிளகாய்த்தூளை நான் தின்று தீர்த்துவிட்டேன். அவள் கை வைத்தபடியே மிச்சம் இருப்பது அந்த எண்கள்தான். அதனால் யாரையும் தொடவிட மாட்டேன். 4.5-லேயே ஓட வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

மூன்று தடவை அணைந்தது. டீக்கடையில் கேட்காமலே வைத்தியம். ஒருத்தர்: "விண்டோஸ் புச்சா போடு." இன்னொருத்தர்: "வைரஸ்." கடைக்காரர்: "பூசணிக்கா சுத்திப் போடுப்பா." அவரவருக்குத் தெரிந்தது அவ்வளவு.

தே.யோடு லேபில் வேலை செய்த முனிரத்தினத்துக்கு (இனி மு.ர.) போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

ஏப்ரல் 11, வெள்ளி

திருப்பதி போய் வந்தேன். கிளம்பும்போது: கேஸ், மோட்டார், டிவி, யூ.பி.எஸ்., சுவரில் இருக்கிற சுவிட்ச் எல்லாவற்றையும் அணைத்தேன். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் கடைசியாக வெளியே வருவது தே.தான், இதெல்லாம் அவள் பொறுப்பு. நானும் ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று எனக்கே ஒரு பெருமை.

காலேஜ் கேன்டீன். மு.ர. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். வாக்கியத்துக்கு ஒரு தெலுங்கு வார்த்தை இல்லாமல் அவருக்குப் பேச வராது.

"அண்ணா, வருசா வருசம் உகாதி ஆனதும் அக்கா அதை 4.2-க்கு இறக்கிடுவாங்க. இந்த எண்டாகாலத்து வெயில்ல தாங்குமா? மறுபடியும் மார்கழி வந்தா ஏத்துவாங்க. இப்ப ஓடறது மார்கழி செட்டிங். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. உகாதி முடிந்த ஞாயிறு நாள் முழுக்க நீலத் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு சமையல் நான். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. என்ன செய்கிறாய் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏதோ ரிப்பேர் என்று நினைத்தேன். ஒரே வீட்டில் பன்னிரண்டு உகாதி. இந்த வருஷம் அவளுடைய மார்கழியை வெயிலில் போட்டு வாட்டிக்கொண்டிருந்தது நான்தான். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு.

"நெம்பருங்களை எங்கயாவது எழுதி வெச்சிருக்காங்களா?"

"இல்ல. எல்லாம் அவ தலையிலதான்."

"சரே, அப்ப மொதல்ல பார்த்து பேப்பர்ல எழுதிக்குங்க. அப்பறம் இறக்கலாம். ஒண்ணே ஒண்ணு அண்ணா, யூ.பி.எஸ்ஸை மட்டும் அணைச்சிடாதீங்க. போர்டுல காசு சைசுல ஒரு பேட்டரி இருக்கும். அது செத்து ரொம்ப நாளாச்சு. கரெண்ட் போனா எல்லாம் அழிஞ்சிடும். மாத்தறேன் மாத்தறேன்னு சொல்லிக்கினே இருந்தாங்க, பாவம்."

டீயைக் குடித்து முடித்தேன். காலையில் அணைத்ததை வரிசையாக எண்ணிப் பார்த்தேன்: கேஸ், மோட்டார், டிவி, யூ.பி.எஸ்.

பஸ்ஸில் ஜன்னல் சீட். சந்திரகிரி தாண்டியது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் இருக்கிற ரூம் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 12, சனி

மதியம் சுவிட்சைப் போட்டேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து: தேதி இல்லை, நேரம் இல்லை, அமைத்துக்கொள். உள்ளே போய்ப் பார்த்தால் அவள் எண் இருந்த இடத்திலெல்லாம் 'ஆட்டோ'. 4.5 இல்லை. 3.3.

மூன்று மணி வரை ஓட விட்டேன். வெளியே நல்ல வெயில். அணையவே இல்லை. ஃபேன் சத்தம்கூட இல்லை. ஒரு கோளாறும் கிடையாது. மூடியை மாட்டும்போது அழுகை வந்தது. ஸ்க்ரூ ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது, தேடுகிற சாக்கில் தரையிலேயே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

கவிதா போன். "சரியாப் போச்சா நைனா?"

"ஆச்சும்மா."

"யாரு பண்ணது?"

"நான்தான்."

ஏப்ரல் 13, ஞாயிறு

கொஞ்சம் மேகம். வாட்ச் கடையில் வாங்கிய புதுப் பேட்டரியைப் போட்டேன். இனி கரெண்ட் போனாலும் எதுவும் அழியாது. இப்போது எதற்கு.

தேதி மட்டும் பாக்கி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்று 2012 ஜனவரி 1. அந்த போர்டு தயாரான வருஷம். வருஷத்தின் மேல் நின்று ப்ளஸ் கீயை அழுத்தச் சொன்னார் மு.ர., போனில். ஒரு அழுத்துக்கு ஒரு வருஷம்.

2013. இதே ரூமில் பாய் விரித்து, பார்ட்ஸைப் பரப்பி, "மிதிச்சுடாதே, மிதிச்சுடாதே" என்று கத்தினாள். 2016, கவிதா பத்தாவது. 2020, வீட்டிலேயே அடைந்து கிடந்தது, இதிலிருந்துதான் லேப் கிளாஸ் எடுத்தாள், பின்னால் நான் லுங்கியோடு போய்விட்டேன் என்று இரண்டு நாள் பேசவில்லை. 2022. 2024.

2025.

ஜனவரி 1, 2025. அன்று காலை இந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டாள். "நீயே போட்டுக்கோ" என்றேன்.

அடுத்தது மாசம். ப்ளஸ் மூன்று தடவை அழுத்தினால் ஏப்ரல்.

அழுத்தவில்லை. அப்படியே சேவ் செய்து வெளியே வந்தேன். இதன் கணக்குப்படி ஜனவரி 19 வர இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.