இங்கே என்னை உங்கள் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் உங்கள் முட்டிவலியும் எப்படி?

இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இல்லாததால் உங்கள் பெயரையே எனக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். நேற்று வகுப்பில் அவரவர் குடும்பப் பெயருக்குப் பொருள் சொன்னோம். ஒருத்தன் கொல்லர் பரம்பரையாம், ஒருத்தி மலையடிவாரமாம்.

"உன்னோடது?" என்றார் வாத்தியார்.

தெரியாமல் முழித்தேன். "சாப்ட்டதும் குறட்டை விடற சிங்கம் சார்" என்று அடித்துவிட்டேன்.

நம்பிவிட்டார். எழுதிச் சுவரில் ஒட்டப் போகிறாராம். அதற்குள் உண்மையான பொருளையும், உங்களுக்கு அதை யார் வைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்படியே உங்கள் பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள், இங்கே குளிர்.

யாராவது உங்கள் பெயரைச் சொன்னால் என்னைத்தான் என்று தெரியும். ஆனாலும், நீங்கள் வந்துவிட்டீர்களோ என்று முதலில் வாசலைத்தான் பார்க்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்