கடை போன் இப்ப என் ரூம்ல

தனபாக்கியத்துக்கு உன் வீட்டுக்காரன் எழுதுறது. மூட்டுவலி எப்படி இருக்கு? நான் சௌக்கியம், தொந்திதான் கூடிப்போச்சு, கோவிச்சுக்காத.

போன மாசம் ஃபேரர் பார்க்ல நம்ம சாப்பாட்டுக் கடைப் படியில சறுக்கி, கால் லேசா சுளுக்கிடுச்சு. இப்ப சரியாயிடுச்சு, அழுவாத. நடக்க முடியாத கெழவனை மொதலாளி ரமணன் ஊருக்கு அனுப்பிடுவாருன்னுதான் பயந்தேன். அவரு என்னடான்னா, "அண்ணே, கடை போனைத் தெம்பனிஸ் ரூமுக்குக் கொண்டு போங்க, அங்கேயே ஒக்காந்து ஆர்டர் எடுங்க லா"ன்னாரு.

முன்ன கடைக்கு பஸ்ஸுல போன நேரத்துலயும் இப்ப ஆர்டர் எடுக்குறேன். கடையில என் மேசை கெடந்த எடத்துல நாலு பேரு ஒக்காந்து சாப்பிடுறாங்க. ஒருநாள் என் குக்கர் விசிலைக் கேட்டுட்டு ஒரு அம்மா, "சமையல் சூடா நடக்குதே"ன்னு அம்பது சாப்பாடு சொன்னாங்க. அது என் ஒருத்தன் சோறுன்னு நான் சொல்லல. மொதலாளி, "கால் சரியானாலும் அங்கேயே இருங்கண்ணே"ன்னுட்டாரு. அப்பதான் மூச்சே வந்துச்சு.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு. கூட இருக்குறவங்க எல்லாரும் காலையிலயே வேலைக்குப் போயிடுறாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஆர்டரும் வராது. அப்ப நீ கூப்பிடு. பேச ஒண்ணும் இல்லன்னா என்னைத் திட்டு, கேட்டுக்கிறேன்.

போன் அடிக்குது, நிறுத்துறேன்.
வைரக்கண்ணு