பாதி வாடகை

அன்புள்ள சிந்துஜா,

நீ நம் ரூமை விட்டு வேங்கிக்காலில் தனி வீடு பார்த்துப் போன பிறகு, நான் சிக்கனத்தில் தேறிவிட்டேன். ஆசிரமத்துப் பக்கத்துக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்கிற விலைதான் நமக்கும். அதனால் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வரும் அம்மாக்களிடம் காய்கறி வாங்குகிறேன். ஃபேனைக்கூட அளவாகத்தான் போடுகிறேன். நாம் சண்டை போட்டதே அந்த ஃபேனுக்காகத்தானே.

செவ்வாய்க்கிழமை மதியம் நீ நம் ஆபீஸ் வாசலில் வெறும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு நின்றாய். தனி வாடகை உன்னையும் கடிக்கிறது என்று புரிந்தது. மறுநாள் உன் மேஜையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தது நான்தான். சாயங்காலம் அது கழுவப்பட்டு, உள்ளே வேர்க்கடலை உருண்டைகளோடு என் மேஜைக்கே வந்துவிட்டது.

நேற்று வீட்டுக்கார ராஜம்மாள் அக்கா வந்தார்.

"ஒரு ஆளுக்கு இந்த ரூம் ஜாஸ்திம்மா. இன்னொருத்தர சேத்துக்க. இல்லன்னா சீசனுக்கு ஆசிரமத்துக்கு வர்றவங்களுக்கு விட்டுடுவேன்."

"ஆள் இருக்காங்கக்கா. கேட்டுட்டு சொல்றேன்."

யாரென்று அவர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நீ வந்தால் இருவருக்கும் பாதி வாடகைதான். ஃபேன் உன் இஷ்டம்.

நேரில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இன்று இட்லிக்கு அரைக்க வேண்டும். ஒருத்திக்கு மட்டும் அரிசி போட்டால் கிரைண்டர் சும்மா சுற்றுகிறது. இந்த முறை இரண்டு பேருக்கு ஊறப்போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எதிர் மேஜைக்காரி