பிளேடு எந்தப் பக்கம்

மார்ச் 4, திங்கள்

இந்தக் கருவிக் கடையில் சேர்ந்து ஐந்து மாதம். இன்றுதான் எழுதுகிற வேலை கொடுத்தார்கள்.

முதலாளி மேசைமேல் நான்கு வட்ட ரம்பங்களை வரிசையாக வைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் எது நல்லது என்றுதான் கேட்கிறார்கள். தினமும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பதில் சொல்ல அவரால் ஆகவில்லை. ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுது, அச்சடித்து வைத்துவிடலாம் என்றார். "தத்துவம் படிச்சிருக்கல்ல. அதுக்கு யோசிச்சதுல பாதி யோசிச்சாப் போதும்."

ஒன்று, சாதாரண ரம்பம். பிளேடு வலப்பக்கம், மோட்டார் இடப்பக்கம். எங்கள் அலமாரியில் பாதி இதுதான். இரண்டு, பின்மோட்டார் ரம்பம். மோட்டார் பிளேடுக்குப் பின்னால் நீளவாக்கில் படுத்திருக்கும். பிளேடு இடப்பக்கம். கனம். மூன்று, பேட்டரி ரம்பம். சிறியது, அதற்கும் பிளேடு இடப்பக்கம். நான்கு, பலகைமேல் ஒரு தண்டவாளத்தை வைத்து அதன்மேல் தள்ளிக்கொண்டு போவது.

நான் இதுவரை ஒரு பலகையைக்கூட அறுத்ததில்லை. அக்கா எட்டு வருடமாக அலமாரி செய்கிறாள். அவள் வெட்டட்டும். நான் அளக்கிறேன்.

மார்ச் 6, புதன்

அக்காவின் பட்டறை. கூட்டாளி வெளியே கதவு மாட்டப் போயிருந்தார். அவருக்கு, மட்டம் பார்க்கிற கருவியை வைத்து, ரசமட்டம் என்று பெயர் சூட்டியது அக்காதான். எதைப் பார்த்தாலும் "லேசா சரிஞ்சிருக்கு" என்பார்.

பதினெட்டு மில்லி பிளைவுட். நூற்றிருபது சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பென்சில் கோடு. ரம்பம் ஒட்டிப்போக ஓரத்தில் சட்டம் கட்டக் கூடாது, கை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். சட்டம் கட்டினால் சட்டத்தைத்தான் அளக்க வேண்டியிருக்கும்.

"சட்டம் இல்லாம எவன்டா வெட்டுவான் இப்போ?"

"எல்லாரும்தான்."

அக்கா காதடைப்பானை மாட்டிக்கொண்டாள்.

தண்டவாளம்: விலகல் இல்லை. ஓரம் கண்ணாடி மாதிரி. பேட்டரி: ஒரு மில்லி. பின்மோட்டார்: ஒரு மில்லி. ஆனால் தூள் முகத்துக்கு நேராக வருகிறது, பிளேடு இந்தப் பக்கம் இருப்பதால். சாதாரண ரம்பம்: நான்கு மில்லி.

பிளேடு மொக்கை என்றாள் அக்கா.

மார்ச் 7, வியாழன்

அட்டவணையில் எழுதினேன்: "வளைகிறது." ஒரு சொல். திருப்தியாக இருந்தது. எழுதியது உண்மை என்று தோன்றும்போது வருகிற திருப்தி அல்ல. இடம் நிரம்பியதில் வருகிற திருப்தி.

மார்ச் 11, திங்கள்

புதுப் பிளேடு போட்டு மறுபடி. ஒவ்வொரு ரம்பத்திலும் மூன்று வெட்டு, மொத்தம் பன்னிரண்டு. சாதாரண ரம்பத்துக்கு ஐந்து, நான்கு, ஐந்து. மூன்றும் ஒரே பக்கம் போகின்றன. கோட்டில் ஒரு சாண் தூரம் சரியாகப் போய், பிறகு மெல்ல ஒதுங்குகிறது, கூட்டத்தில் யாரையோ பார்த்து வழி மாறுகிறவன் போல.

அடித்தட்டின் முன்னால் கோட்டுக்கு நேராக வைக்க ஒரு குறி இருக்கிறதே, அதைப் பார்த்து ஓட்டலாமே என்றேன். அதெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்றாள். அவள் பிளேடின் பல்லைப் பார்த்துத்தான் வெட்டுவாள்.

தரவரிசையில் சாதாரண ரம்பத்தைக் கடைசியில் வைத்தேன். முதலாளி வரைவைப் படித்துவிட்டு அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ரம்பம் செய்கிற கம்பெனிக்குப் போன் போட்டார்.

மார்ச் 13, புதன்

கம்பெனி ஆள் வந்தார். சட்டைப்பையில் சொந்தப் பென்சில். அதே ரம்பம், அதே பிளேடு, அதே பிளைவுட். கடை வாசலிலேயே இரண்டு ஸ்டூல் போட்டு வெட்டினார். அரை மில்லி. இன்னொன்று. அதுவும் அரை மில்லி.

"மெஷின் நேராத்தான் போகுது சார். வெட்டற ஆளு..." என்று நிறுத்தினார். மரியாதை தெரிந்தவர்.

யார் வெட்டினார்கள் என்று கேட்டார். தெரிந்த ஒருவர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அக்கா என்பது மூன்றே எழுத்து.

அவர் போன பிறகு முதலாளி, உன் அக்கா பட்டறையில் எந்த ரம்பம் வைத்திருக்கிறாள் என்று கேட்டார். இதே வகை. எட்டு வருடமாக.

"எட்டு வருஷம் வளையலயா?"

மார்ச் 15, வெள்ளி

மதியம் கடையில் ஆளில்லை. பன்னிரண்டு எண்களையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கனத்தைப் பொறுத்து விலகல் மாறவில்லை. வேகத்தைப் பொறுத்தும் இல்லை. பிளேடு இடப்பக்கம் இருந்தால் ஒரு மில்லி. வலப்பக்கம் இருந்தால் நான்கு, ஐந்து. தண்டவாளத்தில் கண் தேவையே இல்லை. அங்கே பூஜ்யம்.

சாதாரண ரம்பத்தை எடுத்தேன். மின்சாரம் கொடுக்காமல், கோடு போட்ட பலகைமேல் வைத்துப் பிடித்தேன். மோட்டார் எனக்கும் பிளேடுக்கும் நடுவில் நிற்கிறது. அதைத் தாண்டி வலப்பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். இடது கண்ணை மூடினேன். கோடு தெரிந்தது. வலது கண்ணை மூடினேன். கோடு மோட்டாருக்குப் பின்னால் போய்விட்டது.

அட்டவணை ரம்பங்களைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. பேருந்தில் அக்கா வலது ஓரமாக உட்காருவாள், ஆட்கள் எல்லாம் இடப்பக்கம் இருக்கும்படி. தெரு கடக்கும்போது முகத்தை மட்டும் திருப்புவதில்லை, உடம்பையே திருப்புகிறாள். கொஞ்ச மாதமாக எந்த வெட்டுக்கும் சட்டம் கட்டுகிறாள். நிதானம் வந்துவிட்டது என்று ரசமட்டம் மெச்சிக்கொண்டார்.

நான் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எண் வந்த பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 18, திங்கள்

இன்னும் ஒரே ஒரு வெட்டு வேண்டும் என்று சொல்லிப் போனேன். கோடு போட்டேன். வலது கண்ணை மூடிக்கொண்டு வெட்டு என்றேன்.

"எதுக்கு?"

"சோதனைக்கு."

ஓடுகிற ரம்பத்தைப் பிடித்திருக்கிற ஒருவரிடம் கேட்கக் கூடாத விஷயம். கேட்பதற்கு முன்னால் அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணை மூடினாள். வெட்டினாள். ஸ்கேலை வைத்தேன். ஐந்து மில்லி. திறந்திருந்தாலும் ஐந்து, மூடியிருந்தாலும் ஐந்து. எண்ணைச் சத்தமாகப் படித்தேன், பழக்கத்தில்.

பிளக்கைப் பிடுங்கினாள். வயரைச் சுருட்டினாள். தூள் மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"மெஷினத்தான் அளக்கறன்னு நெனச்சேன்" என்றாள்.

எட்டு மாதமாம். வலது கண்ணில், பார்க்கிற இடத்துக்கு நட்டநடுவில் ஒரு அழுக்கு. அதைச் சுற்றி நேர்க்கோடெல்லாம் தொங்குகிறது, கதவு நிலை, ஜன்னல் கம்பி, எல்லாம். கண் மருத்துவர் உள்ளே தழும்பு விழுந்துவிட்டது என்றாராம். அது திரும்பாது. இடது கண் நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது அவளுக்கு அளவு சொல்கிற குரல்தான்.

ரசமட்டத்திடம் சொல்லவில்லை. நூலகத்துக்கு அலமாரி செய்கிற பெரிய வேலை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்தாளுக்குத் தெரிஞ்சா மெஷின் பக்கமே விடமாட்டான். உப்புத்தாளக் கையில குடுத்து ஓரமா உக்காத்தி வச்சிருவான். எட்டு வருஷம் வெட்டிட்டு நான் பாலிஷ் போடணுமாடா?"

நான் ஸ்கேலைப் பையில் வைத்தேன்.

"உன் நோட்டீஸ்ல மெஷின் வளையுதுன்னே இருக்கட்டும். அதுக்கு வலிக்கவா போகுது?"

மார்ச் 19, செவ்வாய்

எழுதவில்லை. ஆணி எடைபோட்டேன்.

மார்ச் 20, புதன்

எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பட்டறைக்குப் போனபோது அக்கா தன் பழைய ரம்பத்தில் சின்னத் துண்டுகள் வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னது என்பதால் சட்டம் கட்டவில்லை. எதிரில் ரசமட்டம் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒரு சொடக்குச் சத்தம், நீலமாக ஒரு பொறி, பட்டறை முழுவதும் மின்சாரம் போய்விட்டது. அவள் ரம்பத்தின் வயரையே வெட்டிவிட்டாள். வயர் வலப்பக்கம் கிடந்திருக்கிறது.

ரசமட்டம் சிரித்தார். "பலகை தீந்துபோச்சுன்னு வயர எடுத்துக்கிட்டீங்களா?" அக்காவும் சிரித்தாள். அவருடையதைவிட ஒரு நொடி அதிகமாகவே சிரித்தாள்.

பிறகு அவர் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார். இது நீங்கள் செய்கிற தப்பில்லையே என்றார்.

"மெஷின் சரியில்ல. இந்த ரகமே வளையுது. இவன் அளந்து வச்சிருக்கான், கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன்... ஆமா, வளையுது. நாலு மில்லி, அஞ்சு மில்லி.

எண்ணோடு சொன்னேன். எண் இல்லாமல் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பொய்யாக இருந்திருக்காது. ஏன்டா சொன்னே? அவ சொல்லச் சொன்னா, அதுக்காகவா? அந்தாளு கை எங்க இருந்துச்சுன்னு பாத்தேல்ல. பாத்துட்டுத்தானே சொன்னே.

மார்ச் 22, வெள்ளி

கடையின் வாடகைப் பிரிவிலிருந்து பின்மோட்டார் ரம்பத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பழையதை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். நோட்டீஸை மாற்றி எழுதப் போகிறேன், ரம்பம் வளையவில்லை என்றுதான் வரும் என்றேன். உன் பெயரோ உன் கண்ணோ அதில் வராது.

அக்கா புது ரம்பத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொணக் கனம் கனக்குது."

"ஆமா."

"நீ போ."

மார்ச் 27, புதன்

ஐந்து நாளாக அவளிடமிருந்து போன் இல்லை. இன்று ஒரு படம் மட்டும் வந்தது. வெட்டின ஓரம், பக்கத்தில் ஸ்கேல். ஒரு மில்லிக்கும் குறைவு. படத்துக்குக் கீழே: "மணிக்கட்டு வீங்கிப்போச்சு. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பின்மோட்டார் ரம்பம்: முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும். பேட்டரி ரம்பம் இலேசு, கோடும் தெரியும், ஆனால் தடித்த மரத்தில் ஆழம் போதாது.

ஏப்ரல் 2, செவ்வாய்

அச்சாகி வந்தது. சாதாரண ரம்பத்துக்கு நான் எழுதியது: "நேராக வெட்டும். இலேசானது. ஆனால் வலது கையால் பிடிப்பவர் மோட்டாரைத் தாண்டி வலது கண்ணால் கோட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். வாங்குமுன் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள்."

முதலாளி இரண்டு தடவை படித்தார். ரம்பக்கடை நோட்டீஸா, கண்ணாஸ்பத்திரி நோட்டீஸா என்று கேட்டார். ஆனால் ஐந்நூறு பிரதியையும் கல்லாப் பக்கத்தில் அடுக்கி வைத்தவர் அவர்தான். அரை மணி கழித்துப் பார்த்தால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்து நிற்கிறார்.

ஏப்ரல் 5, வெள்ளி

அக்கா கடைக்கு வந்தாள். கையில் பழைய ரம்பம். புது வயர் போட்டு, துடைத்து, அடித்தட்டுக்கு எண்ணெய்கூடப் பூசியிருந்தாள்.

எங்களிடம் பழைய கருவிகளுக்கென்று வாசலுக்கு எதிரில் ஒரு தட்டு இருக்கிறது. யார் கொண்டுவந்தாலும் ஒரு அட்டை எழுதிக் கட்டுவோம். மேலே கொடுத்தவர் பெயர். கீழே மூன்று வரி. பொருள். குறை. விற்கும் காரணம்.

அவள் பெயரை எழுதினேன். பொருளை எழுதினேன். குறை என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். அதோடு நிறுத்தினேன். இடவசதி இல்லை, புதிது வாங்கியாயிற்று, இப்படி எல்லாரும் போடுகிற காரணங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். குனிந்து, தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி எழுதினாள். பெரிய எழுத்தில், கோணலில்லாமல்.

"எனக்கு வலது கண் தெரியாது."

அட்டையைத் திருப்பி என்னிடம் தள்ளினாள்.

"அந்தாளு திங்கக்கிழமை கீல் வாங்க வருவான்ல?"

"வருவார்."

"எதுக்க நின்னு சொல்ல வாய் வரல. வாசல்ல தெரியற மாதிரி வை."

ஏப்ரல் 8, திங்கள்

பதினொரு மணிக்கு ரசமட்டம் வந்தார். கீல் எடுத்தார், திருகாணி எடுத்தார். திரும்பும்போது ரம்பத்தை அடையாளம் கண்டுகொண்டார். அட்டையைப் படித்தார். அவர் படித்து முடிப்பதற்கு அது அவ்வளவு நீளமில்லை. ஆனாலும் நின்றார்.

கல்லாவுக்கு வந்தார். "அன்னிக்கு வளையுதுன்னு சொன்னியே தம்பி."

"பொய்ண்ணே."

"இத்தன நாளா எதுத்தாப்புல நின்னு பலகை பிடிக்கறேன். பிளேடுக்கு அந்தாண்ட என் கைதான் இருந்துச்சு." அவர் கையை மேசைமேல் வைத்தார், காட்டுவதற்காக இல்லை, வைக்க வேறு இடமில்லாதது போல. "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நான் என்ன அவங்க கையில உப்புத்தாளயா குடுத்துருப்பேன்?"

கீலுக்குப் பில் போட்டேன். அவரே கொஞ்சம் யோசித்தார்.

"குடுத்துருப்பேன்தான்" என்றார்.

வெளியே போனார். வண்டியை எடுக்கவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போனை எடுத்தார். யாரையும் அழைக்காமல் பையில் போட்டார். நான் ஒரு வாடிக்கையாளருக்குக் குழாய்க் கிளாம்புகளை எண்ணிக் கொடுத்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

அலமாரி வேலை வியாழக்கிழமை ஆரம்பிக்கிறது என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. புது மெஷினில் தூள் முழுக்க மூஞ்சிக்கே வருகிறது, அவங்க கண்ணுக்கு ஒண்ணும் போட்டுக்காம வெட்டறாங்க என்றார். பாதுகாப்புக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

பெட்டியோடு எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, இடது பக்கத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றைத் திருப்பி வைத்தார். நான்காவதை எடுத்துக்கொண்டார்.